பெட்டியில் பிறந்த கேஷும் காசில் பிறந்த கேஷும்

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சொற்களைப் பட்டியலிடும் கட்டுரைகள், கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகியவற்றோடு ‘காசு’ என்பதையும் தவறாமல் சேர்த்து, வங்கியிலும் கடையிலும் ஆங்கிலேயர் அன்றாடம் சொல்லும் ‘கேஷ்’ நம் காசின் திரிபே என்று முடித்துவிடுவது வழக்கம். கட்டுமரத்துக்கும் சுருட்டுக்கும் தமிழ் கொண்டாடும் உரிமையை எவரும் மறுப்பதில்லை. காசின் வழக்கு அவ்வளவு எளிதன்று. அந்த உரிமைக் கோரிக்கையில் பாதி உண்மை, பாதி பிழை. பெரிய ஆங்கில அகராதிகளைப் புரட்டினால், ஒரே எழுத்துக்கூட்டும் ஒரே ஒலிப்பும் கொண்ட ‘கேஷ்’ என்னும் பெயர்ச்சொல் ஒன்று, இரண்டு என எண்ணிடப்பட்டு, தனித்தனி வேர்களோடு தனித்தனிச் சொற்களாக நிற்பதைக் காணலாம். அவற்றுள் ஒன்றுக்குத் தமிழ் பிறந்தகம். மற்றொன்றுக்கும் தமிழுக்கும் எவ்வகை உறவும் இல்லை. கையிருப்புப் பணத்தைக் குறிக்க இன்று உலகெங்கும் வழங்குவது தமிழோடு உறவில்லாத அந்தச் சொல்லே.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பதும், பல சொற்கள் ஒரே உருவத்தில் வந்து நிற்பதும் வெவ்வேறு நிகழ்ச்சிகள். ‘திங்கள்’ என்பது நிலவைக் குறித்து, நிலவின் சுற்றால் அளக்கப்படும் மாதத்தைக் குறித்து, பின்னர் வாரத்தின் ஒரு நாளையும் குறித்தது. பொருள் மூன்றானாலும் சொல் ஒன்றே. இதைத்தான் தமிழ் இலக்கணம் பலபொருள் ஒருசொல் என்கிறது. ஆனால் ‘ஆறு’ என்ற எண்ணும் ‘ஆறு’ என்ற நீரோட்டமும் அப்படிப்பட்டவை அல்ல. நீரோட்டத்தின் பழைய வடிவம் ‘யாறு’ என்பது சங்க நூல்களைப் படித்தவர் அறிந்ததே. முதலில் நின்ற யகரம் தேய்ந்து மறைந்தபின் அது எண்ணோடு உருவத்தில் ஒன்றிப்போயிற்று. அதாவது, உறவில்லாத இருவர் முகச்சாயலால் இரட்டையர் என்று கருதப்படும் நிலை அது. ஆங்கிலத்தின் கேஷும் அத்தகைய போலி இரட்டையரே.

முதலில் தமிழோடு தொடர்பில்லாத கேஷைப் பார்த்துவிடலாம். லத்தீன் மொழியில் ‘கப்சா’ என்றால் பெட்டி. குறிப்பாக, ரோமானியர் சுருள் ஏடுகளை நிறுத்திவைத்து எடுத்துச்செல்லப் பயன்படுத்திய உருளை வடிவப் பேழை. பற்றுதல், கொள்ளுதல் என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து வந்த இச்சொல், இத்தாலிய மொழியில் ‘கஸ்ஸா’ என்றும் பிரெஞ்சு மொழியில் ‘கேஸ்’ என்றும் மாறி, வணிகர்கள் பணம் போட்டுப் பூட்டிவைக்கும் பெட்டிக்குப் பெயராயிற்று. லூகா பச்சோலி என்னும் இத்தாலியத் துறவி 1494இல் வெனிஸ் நகரில் அச்சேற்றிய கணித நூலில், ஒவ்வொரு வரவையும் செலவையும் இரண்டு இடங்களில் எழுதும் இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை விளக்கும்போது, வணிகன் முதலில் திறக்கவேண்டிய கணக்குகளுள் ஒன்றாகக் கஸ்ஸாவைச் சொல்கிறார். கணக்கேட்டில் ‘பெட்டிக்கு வந்தது’, ‘பெட்டியிலிருந்து போனது’ என்று எழுதி எழுதியே பெட்டியின் பெயர் பணத்தின் மேல் ஏறத்தொடங்கியது.

1590களில் இச்சொல் ஆங்கிலத்தில் நுழைந்தபோது இரண்டு பொருள்களும் அதற்கு இருந்தன. பணப்பெட்டியும் கேஷ்தான், பெட்டிக்குள் இருந்த பணமும் கேஷ்தான். 18ஆம் நூற்றாண்டில் பெட்டி என்ற பொருள் வழக்கொழிந்து, உள்ளே இருந்ததற்கு மட்டும் அப்பெயர் நிலைத்தது. தமிழ் இலக்கணம் இதனை ஆகுபெயர் என்னும். ஓரிடத்தின் பெயர் அவ்விடத்தில் உள்ள பொருளுக்கு ஆகிவருவதால், இது இடவாகுபெயர். எடுத்துக்காட்டு தேடி வெனிஸ்வரை போகவும் வேண்டியதில்லை. மளிகைக்கடையில் பணம் போடும் கல்லாப்பெட்டியைக் ‘கல்லா’ என்று சொல்லும் கடைக்காரரே, இரவு கடையடைக்கும்போது ‘இன்னைக்குக் கல்லா எவ்வளவு?’ என்று கேட்கிறார். அப்போது அவர் பெட்டியின் விலையைக் கேட்கவில்லை. திரைப்படம் ‘கல்லா கட்டியது’ என்று பத்திரிகைகள் எழுதும்போது பெட்டி முற்றிலும் மறைந்து வசூல் மட்டுமே நிற்கிறது. கப்சா இரண்டாயிரம் ஆண்டில் கடந்த தொலைவைக் கல்லா இரண்டொரு தலைமுறையில் கடந்துவிட்டது எனலாம்.

கப்சாவின் குடும்பம் பெரியது. அதன் உறுப்பினர் பலர் தமிழ்நாட்டின் தெருக்களிலேயே நடமாடுகின்றனர். மருந்துக்கடையில் கிடைக்கும் கேப்சூல், ‘சிறு பெட்டி’ என்னும் பொருளுடைய லத்தீன் குறுமைப்பெயர். ஒரு தலைமுறைக்கு முன்பு வீடுதோறும் இருந்த கேசட், அதே கருத்துடைய பிரெஞ்சுக் குறுமைப்பெயர். லாரியின் அடிச்சட்டமான சேசிஸ், பெட்டியிலிருந்து சட்டம் என்ற பொருளுக்கு நகர்ந்த பிரெஞ்சு வடிவம். குளிர்பானப் புட்டிகளை அடுக்கிவரும் கேஸ் நேரடியாகப் பெட்டியேதான். ஆனால் நீதிமன்றத்தில் நடக்கும் கேஸ் இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது ‘விழுந்தது, நேர்ந்தது’ என்னும் பொருளுடைய வேறொரு லத்தீன் சொல்லின் வழி வந்தது. அடுப்பெரிக்கும் கேஸோ, ஒழுங்கற்ற பெருவெளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை மனத்திற்கொண்டு 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்னும் அறிஞர் புனைந்த பெயர். பேச்சில் ஷகரத்தைச் சகரமாக்கும் பலருக்கு ரொக்கமும் ‘கேஸ்’ ஆகிவிடுவதால், பெட்டி, வழக்கு, எரிவாயு, ரொக்கம் ஆகிய நான்கும் தமிழில் ஒரே எழுத்துருவில் வந்து கூடுகின்றன. நான்கு வெவ்வேறு சொற்கள் ஒன்றாகத் தோன்றுவது எப்படி என்பதைக் காண இதைவிட நல்ல காட்சி வேறில்லை.

வங்கியில் பணம் எண்ணித்தரும் ‘கேஷியர்’ இந்தப் பெட்டியின் காவலர். அச்சொல்லும் 1590களில், டச்சு அல்லது பிரெஞ்சு வழியாக, ஆங்கிலத்துக்கு வந்தது. வியப்பு என்னவென்றால், அதே எழுத்துக்கூட்டுடைய மற்றொரு ‘கேஷியர்’ அதே பத்தாண்டில் வேறொரு வாசல் வழியாக உள்ளே வந்தது. இது ஒரு வினைச்சொல். படை அதிகாரி ஒருவரை மானம் போகும்படி பதவிநீக்கம் செய்வது என்பது இதன் பொருள். ‘உடைத்தல், செல்லாததாக்குதல்’ என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினையை டச்சுக்காரர் எடுத்தாண்டனர். ஸ்பெயினை எதிர்த்த டச்சுக்காரர்களுக்குத் துணையாக 1585 முதல் நெதர்லாந்தில் போரிட்ட ஆங்கிலப் படையினர், அதைப் பாசறைப் பேச்சிலிருந்து ஊருக்குக் கொண்டுவந்தனர் என்பர். பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு மன்றத்தின் பெயரில் இன்றும் இருக்கும் ‘கசாசியோன்’, கீழ்மன்றத் தீர்ப்பைச் செல்லாததாக்குதல் என்னும் அதே வேரினது. ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகத்தில் காசியோ என்னும் அதிகாரி பதவி இழக்கும் கட்டத்தில், அவனுடைய பெயரையும் இந்த வினைச்சொல்லையும் அடுத்தடுத்து வைத்து ஒரு சிலேடை அமைந்திருப்பது, சொல் அதற்குள் லண்டன் மேடைக்கும் பழகிவிட்டதைக் காட்டுகிறது. பிரிட்டிஷ் படையில் 1871வரை பதவிகள் விலைக்கு விற்கப்பட்டன. மானக்கேடாக நீக்கப்பட்ட அதிகாரி தாம் கொடுத்த விலையையும் இழந்தார். எனவே அச்சொல்லைப் பணத்தோடு தொடர்புபடுத்தி நினைப்பது எளிது. ஆயினும் அந்தத் தொடர்பு வரலாற்றின் தற்செயலே. வேரில் அது இல்லை.

மற்றொரு அண்டைவீட்டார், கணினியிலும் கைப்பேசியிலும் அடிக்கடி துடைக்கச் சொல்லப்படும் ‘கேஷ்’. எழுத்துக்கூட்டு வேறு, ஒலிப்பு ஒன்று. ஒளித்துவைத்தல் என்னும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்த இச்சொல், வட அமெரிக்கக் காடுகளில் மென்மயிர்த் தோலுக்காக விலங்குகளைப் பொறிவைத்துப் பிடித்த வேட்டைக்காரர்கள், உணவையும் கருவிகளையும் வழியில் புதைத்துவைத்த மறைவிடங்களுக்குப் பெயராக இருந்தது. அடிக்கடி தேவைப்படும் தரவுகளை விரைவாக எடுக்கும்படி செயலிக்கு அருகிலேயே வைத்துக்கொள்ளும் சிறிய நினைவகத்துக்கு 1960களின் பிற்பகுதியில் கணினிப் பொறியாளர்கள் இப்பெயரை இட்டனர். தமிழில் எழுதும்போது இதுவும் ‘கேஷ்’ என்றே ஆவதால், ‘கேஷைக் கிளியர் செய்யவும்’ என்னும் அறிவுரை வங்கிக்காரருக்கு ஒரு பொருளும் கைப்பேசிக் கடைக்காரருக்கு மற்றொரு பொருளும் தருகிறது.

ஒலி ஒற்றுமை எவ்வளவு இனிதாக ஏமாற்றும் என்பதற்கு ‘கேஷ்யூ’ என்னும் முந்திரிப்பருப்பு நல்ல சான்று. கேரளத்தில் முந்திரிக்கொட்டையைக் காசுக்கு எட்டு என்று கூவி விற்றதாகவும், ‘காசினெட்டு’ என்ற அந்தக் கூவலைக் கேட்ட வெள்ளைக்காரர் அதையே பெயராக்கிக்கொண்டதாகவும் ஒரு கதை உலவுகிறது. கேட்கச் சுவையாக இருந்தாலும், மரத்தின் வரலாறு இதற்கு இடந்தராது. முந்திரி பிரேசில் நாட்டு மரம். அங்குள்ள துப்பி மொழியினர் அதை ‘அகாஜு’ என்றனர். போர்த்துகீசியர் ‘காஜு’ என்றனர். ஆங்கிலேயர் அதிலிருந்து தம் சொல்லை அமைத்துக்கொண்டனர். அம்மரத்தை இந்தியக் கடற்கரைக்குக் கொண்டுவந்து நட்டவரும் போர்த்துகீசியரே என்பதை, மலையாளத்தில் அதற்கு வழங்கும் ‘பறங்கிமாவு’ என்ற பெயரே சொல்லிவிடுகிறது. மக்கள் தமக்குத் தெரிந்த சொல்லை வைத்துத் தெரியாத சொல்லுக்குக் கதை கட்டுவதை மொழியியலார் மக்கட்சொற்பிறப்பு என்பர். ஆங்கிலக் கேஷ் முழுவதும் தமிழ்க்காசே என்பதும் அவ்வகைக் கதைதான். ஆனால் காசினெட்டுக் கதைக்கு இல்லாத ஒரு பேறு அதற்கு உண்டு. அதன் பாதி, மெய்யாகவே நடந்தது.

அந்தப் பாதிக்கு வருமுன் தமிழ்க்காசின் தகுதியைச் சற்றே நின்று பார்ப்பது முறை. சங்க நூல்களில் காசு என்பது நாணயத்தைவிடப் பெரும்பாலும் பெண்கள் இடையில் அணியும் மேகலையில் கோத்த பொன்மணியையே குறிக்கிறது. குறுந்தொகையின் 67ஆம் பாட்டில், கிளி தன் வளைந்த அலகில் பற்றியிருக்கும் வேப்பம்பழத்துக்கு, புதுநூலில் கோப்பதற்காகக் கூரிய நகநுனியில் பிடித்த பொற்காசை அள்ளூர் நன்முல்லையார் உவமையாக்குகிறார். மணிக்குற்றம், மாசு என்ற பொருளும் இச்சொல்லுக்கு உண்டு. ‘காசறு’ என்றால் குற்றமற்ற என்று பொருள். யாப்பிலக்கணம் படித்தவர்களுக்கோ, வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுள் ஒன்றில் முடியவேண்டும் என்பதால், காசு செய்யுளின் அளவுகோலாகவும் தெரியும். திருக்குறளின் ஒவ்வொரு குறளும் இந்த நான்கில் ஒன்றைத் தொட்டே முடிகிறது.

சோழர் காலத்தில் காசு என்பது அரசின் கணக்கு அலகு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளின்படி, கோயிலுக்கு விடப்பட்ட பணத்தை ஊர்ச் சபைகள் முதலாகப் பெற்று, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது எட்டில் ஒரு பங்கு, ‘பொலிசை’யாகச் செலுத்த ஒப்புக்கொண்டன. பொலிசை என்பது வட்டிக்கு அக்காலத்துப் பெயர்; இன்றைய கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. ஒரு காசுக்குப் பன்னிரண்டு அக்கம் என்ற சில்லறைப் பகுப்பும் அக்கல்வெட்டுகளில் உண்டு; ஈழக்காசு என்ற நாணயமும் சோழர் காலக் கல்வெட்டுகளில் இடம்பெறுகிறது. கன்னடம், தெலுங்கு, மலையாளம் ஆகிய மொழிகளிலும், ‘காசி’ என்ற வடிவில் சிங்களத்திலும் இச்சொல் வழங்குகிறது. வடமொழியில் எடையைக் குறிக்கும் ‘கர்ஷம்’ என்பதோடு இதைத் தொடர்புபடுத்துவோர் உண்டு; திராவிடத்துக்கே உரியது என்போரும் உண்டு. எப்படியாயினும், ஐரோப்பியர் வந்திறங்கியபோது தென்னிந்தியக் கடைத்தெருவில் அவர்கள் காதில் விழுந்த சொல் இதுவே.

1498இல் கோழிக்கோட்டில் வந்திறங்கிய போர்த்துகீசியர் இச்சொல்லைக் கேட்டு எழுதிக்கொண்ட வடிவங்கள் பல. இறுதியில் நிலைத்தது ‘காய்ஷா’ என்று ஒலிக்கும் வடிவம். அது அவர்களுக்குப் புதுச்சொல்லாகப் படவில்லை. ஏனெனில் லத்தீன் கப்சா போர்த்துகீசிய மொழியில் அதே ‘காய்ஷா’வாக, பெட்டி என்னும் பொருளோடு, ஏற்கெனவே இருந்தது. காதில் விழுந்த காசைத் தம் வீட்டுப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டார்கள் என்று சொன்னால் மிகையில்லை. இரண்டு ஓடைகள் முதன்முதலில் கலந்த இடம் இதுதான். பின்னர் லண்டனில் நிகழவிருந்தது அதன் மறுபதிப்பு.

1511இல் மலாக்காவைக் கைப்பற்றியபின் போர்த்துகீசியர் கிழக்கே போகப்போக, அங்கங்கே கண்ட சிறு நாணயங்களுக்கெல்லாம் இந்தப் பெயரையே ஒட்டினர். ஜாவாவிலும் சுமத்ராவிலும் அவர்கள் கண்டவை பெரும்பாலும் சீன வார்ப்பு நாணயங்களும் அவற்றின் உள்ளூர்ப் போலிகளும். வட்டத்தின் நடுவே சதுரத் துளையிட்டு, கயிற்றில் நூறு நூறாகக் கோத்துவைக்கும் வகையைச் சேர்ந்தவை. கோவாவில் சில ஆண்டுகள் பணிபுரிந்த லின்ஸ்கோட்டன் என்னும் டச்சுக்காரர் எழுதிய பயணநூல் 1598இல் ஆங்கிலத்தில் வெளியானபோது, சுண்டா நாட்டில் வழங்கும் துளைபோட்ட செப்புக்காசைப் பற்றிய செய்தியோடு இச்சொல் ஆங்கில வாசகர் முன் வந்தது. அந்தக் காசின் பரப்பளவுக்கு அவர் ஒப்புக்காட்டுவது ஹாலந்து நாட்டின் ‘டொய்ட்’ என்னும் சிறு செப்பு நாணயத்தை. அதே டொய்ட்தான் டச்சுக்காரரோடு சோழமண்டலக் கடற்கரைக்கு வந்து ‘துட்டு’ ஆயிற்று என்பது அகராதியாளர் கருத்து. தமிழ் ஒரு காசைக் கொடுத்து ஒரு துட்டை வாங்கிக்கொண்ட கணக்கு இது.

இவ்வாறு பெட்டியிலிருந்து வந்த கேஷும் காசிலிருந்து வந்த கேஷும் 16ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில், ஏறத்தாழ ஒரே நேரத்தில், ஆங்கிலத்தில் அடியெடுத்துவைத்தன. இரண்டும் பணம் பற்றியவையே ஆதலால், ஆங்கிலேயர் தொடக்கத்தில் ‘காஸ்’ என்றும் ‘கேஸ்’ என்றும் பலவாறு எழுதிவந்த தமிழ்ச்சொல், வீட்டில் இருந்த மற்ற கேஷின் எழுத்துக்கூட்டையே தனக்கும் எடுத்துக்கொண்டது. சகரம் ஷகரமானது இந்த மயக்கத்தால்தான். இதை விளக்கமாக எடுத்துச்சொன்ன நூல்களுள் ஒன்று 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி. அதன் ஆசிரியர் இருவருள் ஒருவரான ஆர்தர் பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து, சரபோஜியின் அரண்மனை நூலகச் சுவடிகளுக்கு அட்டவணை தொகுத்தவர். காசு எங்கே வழங்கியது என்பதை நேரில் அறிந்தவர்.

சீனர் தம் நாணயத்தை ஒருபோதும் கேஷ் என்று அழைக்கவில்லை; அவர்களுக்கு அது ‘வென்’ அல்லது ‘சியென்’. ஆனால் ஆங்கிலத்தில் சீன நாணயத்தின் பெயர் இன்றுவரை கேஷ்தான். வியட்நாம், கொரியா, ஜப்பான் ஆகிய நாடுகளின் துளைபோட்ட பழைய நாணயங்களையும் நாணயவியலார் அப்படியே குறிக்கின்றனர். இதனால் விந்தையான ஒரு நிலை உண்டாயிற்று. 1077இல் சோழநாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு ஒன்று சீனாவின் சோங் அரசவைக்குச் சென்றபோது, கண்ணாடிப்பொருள், கற்பூரம், தந்தம் முதலிய காணிக்கைகளுக்கு ஈடாக 81,800 கோவைச் செப்புநாணயம் பெற்றதாகச் சீன வரலாறு பதிவுசெய்கிறது. இச்செய்தியை ஆங்கிலத்தில் எழுதும் வரலாற்றாசிரியர்கள் அந்த நாணயத்தைக் கேஷ் என்கின்றனர். தமிழ்த்தூதர் பெற்ற சீன நாணயம், ஆங்கில நூலில் தமிழ்ப்பெயரோடு நிற்கிறது. அத்தகைய சீனச் செப்புக்காசுகள் தஞ்சை வட்டாரத்து மண்ணில் புதையல்களாகவும் கிடைத்துள்ளன. இன்னும் வியப்பு 1900க்குப் பின் நிகழ்ந்தது. சீன மாகாண அரசுகள் இயந்திரங்களைக் கொண்டு புதிய செப்பு நாணயங்களை அடித்தபோது, ஒரு பக்கத்தில் சீன எழுத்தும், மறுபக்கத்தில் பறவைநாகமும் ‘பத்து கேஷ்’ என்னும் ஆங்கில வாசகமும் பொறித்தன. பேரரசு வீழ்ந்து குடியரசு வந்தபின்னும் பத்து கேஷ் நாணயங்கள் தொடர்ந்தன. கடைத்தெருத் தமிழ்ச்சொல் ஒன்று, தமிழ் என்று தெரியாமலே, சீன அரசின் முத்திரையோடு கோடிக்கணக்கான கைகளில் புழங்கியது.

தமிழ்நாட்டிலோ அச்சொல் ஐரோப்பியக் கும்பினிகளின் நாணயங்களில் திரும்பிவந்தது. 1620 முதல் 1845வரை தரங்கம்பாடியை ஆண்ட டேனியர், தம் செப்பு நாணயங்களில் ‘காஸ்’ என்றே பொறித்தனர். டேனிய மொழியில் பெட்டிக்குப் பெயர் ‘காஸ’ என்பதால் அங்கும் அதே போலி இரட்டையர். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் ‘காஷ்’, ‘டுடு’ என்னும் செப்பு நாணயங்களை வெளியிட்டனர். ஒருபுறம் பிரெஞ்சு அரசகுலத்தின் அல்லிமலரும் மறுபுறம் தமிழெழுத்தில் ஊர்ப்பெயருமாக அமைந்த டுடு இன்றும் நாணயம் சேர்ப்போர் தேடும் பொருள். சென்னையில் கிழக்கிந்தியக் கும்பினியின் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன்; ஆகவே வராகனுக்கு 3,360 காசு. பணம் என்பது ஆங்கிலக் கணக்கேடுகளில் ‘ஃபேனம்’ என்று பகரம் காற்றொலியாகித் திரிந்தது. காசு கேஷ் ஆயிற்று. 1818இல் வெள்ளி ரூபாய் முறை வந்து, ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று மாற்றும்வரை இந்த அடுக்கே நடைமுறையில் இருந்தது.

அந்தக் கணக்குக்காகக் கும்பினி 1803இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகருக்கருகே, மேத்யூ போல்டனின் சோஹோ நாணயச்சாலையில், நீராவி இயந்திரத்தால் காசுகளை அடித்து வரவழைத்தது. அவற்றுள் பெரியது இருபது காசு. ஒரு பக்கத்தில் சிங்கங்கள் தாங்கிய கும்பினிச் சின்னம்; மறுபக்கத்தில் ரோமானிய எண்ணும் ‘கேஷ்’ என்ற ஆங்கிலச் சொல்லும், அவற்றுக்கு மேலே ‘இருபது காசு நான்கு பலூஸ் ஆகும்’ என்னும் கருத்துடைய பாரசீக வாசகமும். ஆங்கிலத்தில் கேஷ் என்று திரிந்த சொல், அதே பக்கத்தின் பாரசீக எழுத்தில் ‘காஸ்’ என்று தமிழுக்கு அணுக்கமாகவே நிற்பது, அந்த நாணயத்தை ஒரு சிறு அகராதியாக்குகிறது. இதைப் பயன்படுத்திய மக்களின் எழுத்து மட்டும் அதில் இடம்பெறவில்லை. 1808ஆம் ஆண்டு முத்திரையிட்ட பத்து, இருபது காசுகளை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்னும் கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்துக் குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி மூழ்கியது. 1980களில் முக்குளிப்போர் அங்கிருந்து பெருந்தொகையான காசுகளை எடுத்தனர். சென்னைக் கடைத்தெருவைக் காணாமலே போன அந்தக் காசுகள் இப்போது உலகெங்கும் நாணயச் சந்தைகளில் விற்பனையாகின்றன.

பெட்டிக் கேஷின் பிற்கால வளர்ச்சியில் சொல்லத்தக்கது ஒன்றிரண்டே. 1728இல் ஸ்காட்லாந்தின் ராயல் வங்கி, வில்லியம் ஹாக் என்னும் எடின்பரோ வணிகர் தம் கணக்கில் இருப்பதைவிட 1,000 பவுன்வரை கூடுதலாக எடுத்துக்கொள்ள இசைந்து, அந்த ஏற்பாட்டுக்குக் ‘கேஷ் கிரெடிட்’ என்று பெயரிட்டது. இன்று தமிழ்நாட்டின் சிறுதொழில் முனைவோர் ‘சிசி லோன்’ என்று சொல்வது இதன் வழித்தோன்றலே. கையில் கேஷ் இல்லாதவருக்கான ஏற்பாட்டின் பெயரில் கேஷ் முன்னால் நிற்பது வங்கியுலகின் நகைச்சுவை. கணக்கியலார் மூன்று மாதத்துக்குள் முதிரும் சில முதலீடுகளையும் கேஷுக்கு இணையாகக் கொள்கின்றனர். 2008இல் சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளிவந்த பிட்காயின் அறிக்கை, தலைப்பிலேயே தன்னை ‘மின்னணுக் கேஷ்’ என்று அழைத்துக்கொண்டது. பெட்டியும் போய், நாணயமும் தாளும் போனபின்னும் பெயர் மட்டும் போகவில்லை. 2016க்குப் பின் தமிழில் பெருகிய ‘கேஷ்லெஸ்’ என்னும் சொல்லைச் சில அறிவிப்புகள் ‘பணமில்லாப் பரிவர்த்தனை’ என்று மொழிபெயர்த்தது தவறு. அங்கே பணம் இருக்கிறது, இல்லாதது ரொக்கம். ‘ரொக்கமில்லா’ என்பதே சரி.

மொழிபெயர்ப்பாளர் கை சிறந்த இடங்களும் உண்டு. கேஷியருக்குத் தமிழ் கண்ட ‘காசாளர்’ என்னும் பெயர், வேர் முற்றிலும் வேறாக இருந்தும், ஒலியால் மூலத்தை ஒட்டியே நிற்கிறது. ஐந்நூறு ஆண்டுக்கு முன் போர்த்துகீசியர் காசைப் பெட்டியாகக் கேட்டார்கள் என்றால், தமிழர் பெட்டிக்காரரைக் காசுக்காரராகக் கேட்டுக் கடனைத் தீர்த்துக்கொண்டனர். செக்குக்கு அமைந்த ‘காசோலை’யும் அந்தப் பழைய நாணயத்தின் பெயரை வங்கி மேசையில் வாழவைத்திருக்கிறது.

நாணயமாகக் காசு இந்திய மண்ணில் கடைசிவரை நின்றது திருவிதாங்கூரில். அங்கே 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம் கொடுக்கவேண்டும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூரில் இருந்ததால், நாகர்கோவில் சந்தையிலும் இந்தக் கணக்கே நடந்தது. சங்கு பொறித்த அந்தச் சிறு செப்பு நாணயத்தில் ‘ஒரு கேஷ்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. 1949இல் திருவிதாங்கூர் அரசு முடிவுக்கு வந்தபோது அந்த நாணயத்தின் வெளியீடும் முடிந்தது.